நாகர்கோவிலில் ஆள் எடுப்பது எப்படி? 16 வருடமாகப் போன் எடுத்தவள் சொல்வது

எங்கள் ஆபீஸுக்குக் கீழே ஒரு டீக்கடை. ஒரு பெஞ்சில் கடை வைத்திருப்பவர்களும் காண்ட்ராக்டர்களும் உட்கார்ந்து "ஆளே கிடைக்கல்ல" என்பார்கள். அடுத்த பெஞ்சில் ஐடிஐ முடித்த பையன்கள் "வேலையே கிடைக்கல்ல" என்பார்கள். இந்த இரண்டு பெஞ்சுக்கும் நடுவில்தான் 16 வருடமாக என் பிழைப்பு ஓடுகிறது.

நான் இந்த இன்வெர்ட்டர், சோலார் கம்பெனிக்குக் கணக்கெழுத வந்தவள். ஆள் எடுக்கும் வேலையை யாரும் கூப்பிட்டு ஒப்படைக்கவில்லை. விளம்பரத்தில் போட்ட போன் என் மேசையில் இருந்தது, அவ்வளவுதான். அன்று ஏழு பேர் இருந்தோம், இன்று 38 பேர். டெக்னீஷியன், விற்பனை, கணக்கு, மின்வாரியத்துக்குக் காகிதம் போடுவது என எல்லாவற்றுக்கும் ஆள் எடுத்திருக்கிறேன், தப்பான ஆளையும் நிறைய எடுத்திருக்கிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சின்னக் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஏதாவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு அதிகம் உள்ள மாவட்டம் நம்முடையது, 91.75 சதவீதம். படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், ஆனால் தங்க மாட்டார்கள். கம்ப்யூட்டர் படித்தவர்களை டெக்னோபார்க் இழுத்துக்கொள்ளும், காலையில் ரயில் ஏறினால் திருவனந்தபுரம். கை வேலை தெரிந்தவர்களை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகள் இழுக்கும். மிச்சம் இருப்பவர்களை வளைகுடா. நாம் கொடுக்கும் சம்பளத்தை வைத்து இவர்களோடு போட்டி போட முடியாது. நான் பல வருடம் போட்டி போட்டுத் தோற்றேன். மிகவும் கெட்டிக்காரனாகப் பார்த்து எடுப்பேன், எட்டு மாதத்தில் போய்விடுவான், மறுபடி விளம்பரம் போடுவேன்.

அப்புறம்தான் தேடும் ஆளை மாற்றினேன். கெட்டிக்காரனாக இருந்தால் மட்டும் போதாது, ஊரில் இருக்க அவனுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் நம் கம்பெனியாக இருக்காது, இருக்கும் என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம். அப்பாவின் ரப்பர் மரமாக இருக்கலாம், படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவாக இருக்கலாம், பிள்ளையின் பள்ளிக்கூடமாக இருக்கலாம்.

குலசேகரம் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். "எங்க கம்பெனிக்கு ஏன் வரணும்னு நினைக்கே?" என்று அந்தக் காலத்தில் கேட்பேன், எல்லாரும் மனப்பாடமாகப் பதில் சொல்வார்கள். அன்று ஏதோ தோன்றி, "நேத்து காலையில எந்திரிச்சதுல இருந்து என்ன செய்தே மக்கா, சொல்லு" என்றேன். நாலு மணிக்கு எழுந்து தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போனானாம். வெட்டுவது அவன், பால் எடுப்பதும் ஷீட் அடிப்பதும் அப்பா. எட்டு மணிக்கு மேல் அவன் சும்மா. அப்பாவுக்கு முழங்கால் வலி, மரத்தை விட்டுவிட்டு அவனால் எங்கும் போக முடியாது. ஆனால் ஒன்பது மணிக்கு நாகர்கோவில் வந்து சேரவும் முடியாது. "பத்து மணிக்கு வா, ஏழு மணிக்குப் போ" என்றேன். முதலாளி முறைத்தார். பையன் வந்து ஏழு வருடம் ஆகிறது. இன்னொன்று, அதிகாலையில் இருட்டில் தினமும் நூற்றுக்கணக்கான மரத்தில் சரியான ஆழத்தில் கத்தி போடுகிறவனுக்கு வயர் சீவச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்த ஒரு கேள்வியை இன்றுவரை விடவில்லை. நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் ஆள் யார் என்று பாதி தெரிந்துவிடும்.

எங்கே தேடுவது

சொந்தக்காரர்களிடமிருந்து தொடங்காதீர்கள். எங்கள் கம்பெனி அப்படித்தான் தொடங்கியது. முதலாளியின் மச்சினன், மச்சினனின் தம்பி, அவர்களுடைய சித்தப்பா மகன் என்று நாலு டெக்னீஷியன். வீட்டில் ஒரு கல்யாணம் வந்தது, நாலு பேரும் நாலு நாள் லீவு. அதே வாரம் புயல் மழை, கரண்ட் இல்லை, வாடிக்கையாளர் போன் ஓயவில்லை. நான் ஒருத்தி உட்கார்ந்து "ஆள் வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நம் மாவட்டத்தில் ஒரே கோவில், ஒரே சபை, ஒரே குடும்பம் என்று ஆள் எடுத்தால் லீவும் ஒரே நாளில்தான் வரும். இன்று எங்களிடம் எல்லாரும் கலந்து இருக்கிறார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கூட்டம் வேலை பார்க்கும், தீபாவளிக்கு இன்னொரு கூட்டம், ரம்ஜானுக்கு மற்றவர்கள். "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று நம்மூரில் நூல் பிடித்துக் கேட்பார்களே, அதை இன்டர்வியூவில் கேட்கவே கூடாது என்று வைத்திருக்கிறேன். பஸ் வசதி பார்க்க ஊர்ப் பெயர் மட்டும் போதும்.

கோணத்தில் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் இருக்கிறது. அங்கே தனியார் வேலைவாய்ப்பு முகாம் நடத்துகிறார்கள், தமிழ்நாடு அரசின் தனியார்துறை வேலை இணையத்திலும் காசு இல்லாமல் பதிவு செய்து காலியிடம் போடலாம். முகாமுக்குப் போனால் பயோடேட்டா கட்டுக்கட்டாக வரும். எல்லாமே ஒரே பிரவுசிங் சென்டரில் அடித்தது போல இருக்கும். அதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். வந்தவரிடம் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, அந்தத் தாளின் பின்பக்கம் நினைவுக்கு ஒரு வரி எழுதுங்கள். அன்று சாயங்காலமே போன் போடுங்கள், மறுநாள் என்றால் அவர் வேறு நாலு பேருக்குத் தலையாட்டியிருப்பார்.

அப்ரண்டிஸ் வழி நல்ல வழி, நம்மில் பலரும் பயன்படுத்துவதில்லை. 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் 1961-ஆம் வருட அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சியாளர்களை எடுத்தே ஆக வேண்டும், நாலு பேர் இருந்தாலே விருப்பப்பட்டு எடுக்கலாம். கொடுக்கும் உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசின் திட்டத்தில் திரும்பப் பெறவும் வழி உண்டு. ஒரு வருடம் கூடவே இருந்து பார்த்த பையனை வேலைக்கு எடுக்கும்போது இன்டர்வியூ எதற்கு?

ஆனால் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ஆள் முகாமில் கிடைக்கவில்லை, கோவில் கொடைத் திருவிழாவில் கிடைத்தான்.

எங்கள் ஊர் அம்மன் கோவில் கொடை. இரவு ஒரு மணி இருக்கும், வில்லுப்பாட்டு நடந்துகொண்டிருக்கிறது. கரண்ட் போய் ஜெனரேட்டர் போட்டார்கள். மேடை எரிகிறது, ஆனால் பந்தலின் ஒரு பக்கம் டியூப்லைட் வரிசை முழுக்க இருட்டு. கமிட்டிக்காரர்கள் நாலு பேர் நாலு பக்கமும் கத்துகிறார்கள். ஒருத்தர் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். மைக் செட் பையன் ஒருவன் மட்டும் ஏணிப் பக்கமே போகவில்லை. அந்த வரிசைக்குப் போகும் மெயினைத் தேடி ஆஃப் செய்தான். செய்துவிட்டு, அங்கே நின்ற பத்து வயதுப் பையனைப் பிடித்து மெயின் முன்னால் நிறுத்தினான். "நான் வந்து சொல்லாம யாரு கேட்டாலும் போடக் கூடாது, கேட்டியா?" அதன் பிறகுதான் வயரில் கை வைத்தான். எங்கள் தொழிலில் உயிர் பிழைப்பது அந்த ஒரு பழக்கத்தில்தான். சான்றிதழ் வைத்திருக்கும் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு அது இருக்காது. விடியற்காலையில் அவன் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது போய்ப் பெயரும் நம்பரும் வாங்கினேன். ஐடிஐயை நடுவில் நிறுத்தியவன். எடுத்து, வேலை பழக்கி, தேவையான வருடங்கள் ஆனதும் மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வும் எழுத வைத்தோம். இப்போது ஒரு டீமுக்கு அவன்தான் தலைவன்.

உங்கள் தொழில் எதுவோ, அதை ஊரில் சும்மா செய்துகொண்டிருப்பவர் எங்கே இருப்பார் என்று யோசியுங்கள். கணக்குக்கு ஆள் வேண்டுமா, மகளிர் குழுவில் வரவு செலவு நோட்டு யார் எழுதுகிறார் என்று விசாரியுங்கள். போனில் பேச ஆள் வேண்டுமென்றால், நூலகத்தில் டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தேர்வுக்கு முன்னால் பத்து நாள் லீவு தருவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் உண்மையாக உழைப்பார்கள். பாஸானால் போய்விடுவார்கள், போகட்டும்.

விளம்பரம்

"ஆட்கள் தேவை, கவர்ச்சிகரமான சம்பளம்" என்று போட்டால் நம் ஊரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். வெளிநாட்டு வேலை என்று பணம் கட்டி ஏமாந்தவர் ஒருவராவது இல்லாத தெரு இங்கே குறைவு. நான் போடுவது இப்படி:

"சோலார் டெக்னீஷியன் 2 பேர் தேவை. வீட்டு மாடியில் பேனல் மாட்டுவது, வயரிங், சர்வீஸ். மாடி ஏறப் பயம் இருந்தால் இந்த வேலை வேண்டாம். ஐடிஐ எலெக்ட்ரீஷியன் அல்லது இரண்டு வருட வயரிங் பழக்கம். மாதம் 18,000, பிஎஃப், இஎஸ்ஐ போகக் கையில் 16,065. காலை 9 முதல் மாலை 6. பெட்ரோல் தனி. மாதம் ஒரு ஞாயிறு வேலை உண்டு, அதற்கு வேறு நாள் லீவு. டெபாசிட் கிடையாது. சர்டிபிகேட் பார்த்துவிட்டு உடனே திருப்பித் தருவோம். மாலை 5 முதல் 8 வரை அழைக்கவும்."

கையில் வரும் தொகையை ஏன் போடுகிறேன் என்றால், ஒருமுறை பட்டேன். 18,000 என்று சொல்லி எடுத்த பையனுக்கு முதல் சம்பளம் 16,065 வந்தது. 15,000 அடிப்படைச் சம்பளத்துக்கு 12 சதவீதம் பிஎஃப் 1,800, மொத்தத்தில் முக்கால் சதவீதம் இஎஸ்ஐ மருத்துவக் காப்பீடு 135. எனக்கு அது கணக்கு, அவனுக்கு அது ஏமாற்று. யாரிடமும் கேட்கவும் இல்லை, மறுநாள் வரவில்லை. அவன் அம்மாவுக்குப் போன் போட்டு நான் விளக்கி முடிப்பதற்குள் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டான்.

மாலை 5 முதல் 8 என்பதற்கும் காரணம் இருக்கிறது. நல்ல டெக்னீஷியன் இப்போது எங்கேயோ வேலையில் இருப்பான், காலை 11 மணிக்கு முதலாளி முன்னால் நின்றுகொண்டு எனக்குப் போன் போட முடியுமா? பகலில் மட்டும் போன் எடுத்தால் சும்மா இருப்பவர்கள்தான் கிடைப்பார்கள்.

இந்தத் தாளை ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவோம். கோவில் கமிட்டி, பள்ளிவாசல், பங்கு ஆலயம் எல்லாவற்றிலும் கொடுப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்து வாசிக்கும் அறிவிப்பில் வந்தால் அடுத்த நாளே போன் வரும். பெரும்பாலும் அம்மாமார்தான் பேசுவார்கள்.

வேலையைக் கொடுத்துப் பார்ப்பது

கேள்வி கேட்டுக் கெட்டிக்காரனைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாது. நான் எலெக்ட்ரிக்கல் படித்தவளும் இல்லை. எங்கள் சீனியர் டெக்னீஷியன் அண்ணன்தான் ஒரு சோதனை சொல்லித் தந்தார். பின்பக்க முற்றத்தில் ஒரு பழைய பேனலை வெயிலில் சாய்த்து வைத்திருப்போம். மேசையில் மல்டிமீட்டர், கொஞ்சம் கேபிள், கனெக்டர், வயரைக் கனெக்டரில் அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூல். "இந்தப் பேனல்ல எத்தனை வோல்ட் வருதுன்னு பார்த்துச் சொல்லு, அப்புறம் ஒரு கனெக்டர் போட்டுக் காட்டு." வேறு ஒன்றும் சொல்ல மாட்டோம்.

விடை எங்களுக்கு முக்கியமில்லை, கையைத்தான் பார்ப்போம். இரும்புக் காப்பு போட்டிருந்தால் கழற்றுகிறானா? மீட்டரை டிசியில் வைத்த பிறகு தொடுகிறானா, தொட்டுவிட்டு முழிக்கிறானா? வெயிலில் கிடக்கும் பேனலுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது, அது தெரிந்தவன் இரண்டு முனையையும் ஒட்டவிடாமல் பிடிப்பான். கனெக்டர் போட்டதும் வயரை ஒரு இழுப்பு இழுத்துப் பார்க்கிறானா? அந்த இழுப்பு இல்லாத இணைப்புதான் ஒரு வருடம் கழித்து மாடியில் சூடாகி உருகும். கடைசியாக, சீவிய துண்டுகளைக் கூட்டி எடுக்கிறானா என்று பார்ப்போம். வாடிக்கையாளர் வீட்டு மாடியில் வெறுங்காலோடு பாட்டி வத்தல் காயப்போடுவார், அந்தச் செம்புத் துணுக்கு அவர் காலில்தான் ஏறும்.

இதில் தேறினால் ஒரு நாள் எங்கள் டீமோடு அனுப்புவோம். அந்த ஒரு நாளுக்கு 1,000 ரூபாய் கவரில் போட்டு மாலையிலேயே கொடுத்துவிடுவோம், எடுத்தாலும் எடுக்காவிட்டாலும். அன்று மாடி விளிம்புக்கோ ஓட்டுக் கூரைக்கோ அவனை ஏற்ற மாட்டோம், இன்னும் நம் ஆளாகாதவன், இஎஸ்ஐ இருக்காது. கீழே நின்று பொருள் எடுத்துக் கொடுத்தால் போதும். மாலையில் டீமிடம் ஒரே கேள்வி: "நாளைக்கு இவனோட போக உங்களுக்குச் சம்மதமா?"

விற்பனைக்கு வருபவர்களை அடுத்த அறையில் உட்கார வைத்து நானே வாடிக்கையாளராகப் போன் போடுவேன். ரிட்டயர்டான வாத்தியார் மாதிரி பேசுவேன், நம் மாவட்டத்தில் பாதி வாடிக்கையாளர் அவர்கள்தானே. 2024-இல் பிரதமர் சூர்யா கர் திட்டம் வந்த பிறகு எல்லாரும் கேட்பது மானியம். 3 கிலோவாட்டுக்கு 78,000 என்று சொல்லிவிடுவார்கள், பேப்பரில் வந்ததுதான். "5 கிலோவாட் போட்டா எவ்வளவு?" என்பேன். அதற்கும் அதே 78,000தான். தெரியாமல் ஒரு தொகையை அடித்து விடுபவரை எடுக்க மாட்டேன். "கேட்டுட்டு அரை மணி நேரத்துல கூப்பிடுதேன் சார்" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே அரை மணி நேரத்தில் கூப்பிட்ட பெண் இன்று எங்கள் விற்பனைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள்.

அவள் இன்டர்வியூவுக்கு வந்தபோது குளச்சலிலிருந்து அப்பாவும் கூட வந்தார். பெற்றோர் வருவதைச் சில முதலாளிமார் கேலி செய்வார்கள், நான் டீ வாங்கிக் கொடுத்து ஆபீஸைச் சுற்றிக் காட்டுவேன். அவர் சம்பளம் கேட்கவில்லை. "கக்கூஸ் எங்க இருக்கு?" என்று கேட்டார். அன்று எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று, அதன் தாழ்ப்பாளும் சரியில்லை. போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது, 16 வருடத்தில் பாதி நாள் நானும் அதைத்தானே சகித்துக்கொண்டிருந்தேன். அடுத்த மாதமே பெண்களுக்குத் தனியாக ஒன்று கட்டினோம். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பாலியல் தொல்லைப் புகாருக்கு உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருடச் சட்டம் சொல்கிறது. அதன் பெயர்ப் பலகையையும் வாசல் அருகே மாட்டியிருக்கிறோம். வரும் அப்பாமார் அதை நின்று படிக்கிறார்கள்.

திரும்பி வருபவர்கள்

நம் மாவட்டத்தின் உண்மையான சுரங்கம் இது. சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரத்தில் வேலை பார்த்துவிட்டுக் கல்யாணம், குழந்தை என்று தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் வந்து உட்கார்ந்திருக்கும் பெண்கள் எத்தனை பேர்! வந்தவுடன் "அஞ்சு வருஷம் கேப் இருக்கு மேடம்" என்று மன்னிப்புக் கேட்பது போலத் தொடங்குவார்கள். சோலார் கரண்டில் மிச்சத்தை மின்வாரியத்துக்குக் கொடுப்பதைக் கணக்கிடும் நெட் மீட்டருக்கான விண்ணப்பம், வங்கிக் கடன் காகிதம், மானியக் கோப்பு என்று எங்களிடம் குவிந்து கிடந்த வேலையை அப்படி வந்த ஒருவருக்குக் கொடுத்தேன். காலை ஒன்பதரை முதல் மூன்றரை வரை, பிள்ளை பள்ளி வேன் வருவதற்குள் வீடு. முழுநேர ஆள் இருவர் செய்ததை அவர் ஒருவர் ஆறு மணி நேரத்தில் முடிக்கிறார்.

வளைகுடாவிலிருந்து வருபவர்களிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "விசா கேன்சல் பண்ணிட்டு வந்தீங்களா, லீவுல வந்தீங்களா?" கேன்சல் என்றால் உட்கார்ந்து பேசலாம். சம்பளத்தைச் சுற்றி வளைக்காதீர்கள். அங்கே வாங்கியதில் பாதிகூட நம்மால் தர முடியாது என்று அவருக்கும் தெரியும். குவைத்தில் 11 வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்த ஒரு அண்ணனிடம் தொகையைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். "ராத்திரி வீட்டுக்குப் போவேன்லா, அது போதும்" என்றார். அவரை எடுக்க முதலாளியின் சம்மதத்துக்கு ஒன்பது நாள் காத்திருந்தேன். சம்மதம் வந்தபோது அவர் வேறு இடத்தில் சேர்ந்திருந்தார். அன்றிலிருந்து 2 நாளுக்குள் பதில் சொல்லும் அதிகாரத்தை என் கையில் வாங்கிக்கொண்டேன்.

இளம் பையன்களிடம் "விசா வந்தா போயிருவியா?" என்று கேட்டுப் பயனில்லை, இல்லை என்றுதான் சொல்வான். "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். எடுத்திருந்தால் தப்பில்லை. "போகும்போது ஒரு மாசம் முன்னால சொல்லு, ஒரு ஆளைப் பழக்கிக் குடு, அனுபவச் சான்றிதழ் நானே அடிச்சுத் தாரேன்" என்பேன். முன்பு சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு பையன்களை நிறுத்தப் பார்த்த முதலாளிகளையும் பார்த்திருக்கிறேன், அங்கே ஒருத்தனும் திரும்பிப் போனதில்லை.

எங்களிடம் இரண்டு பேர் திரும்பி வந்திருக்கிறார்கள். போனவர்கள் எல்லாருக்கும் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்த நாடு, என்ன வேலை, ஒப்பந்தம் எப்போது முடிகிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள். டிசம்பர் 20 வாக்கில் கிறிஸ்துமஸுக்கு எல்லாரும் ஊருக்கு வரத் தொடங்குவார்கள், வளைகுடாவில் பள்ளி லீவு விடும் ஜூலை, ஆகஸ்டில் இன்னொரு கூட்டம். அப்போது நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போடுவேன். வேலையைப் பற்றி நான் பேசுவதில்லை, எப்போ வந்தே, அம்மைக்குச் சுகம்தானா, அவ்வளவுதான். வேலையைப் பற்றி அவர்களே கேட்பார்கள்.